தளபாடக் கடையின் வான்காவல்

யாழ்ப்பாணம் பெரியகடையில் பதினாறு வருஷம் சீலை விற்றவன் சிவகுருநாதன். வாங்க வந்தவள் வாங்காமல் எழும்பிப் போகக்கூடாது என்றால், அவள் மடியில் சீலையை விரித்துவிட வேண்டும். மடியில் பட்டுக் கிடக்கும்போது எந்தப் பெண்ணும் சட்டென்று எழும்பமாட்டாள். அதற்குப் பிறகு பேரம். அவள் கேட்பதில் பாதிக்கு இறங்கி, நீ சொல்வதில் பாதிக்கு அவளை ஏற்றி, இருவரும் தாங்கள்தான் வென்றோம் என்ற நினைப்போடு பிரிய வேண்டும். இந்த வித்தையை வைத்துக்கொண்டு அவன் எத்தனையோ கறாரான மாமியார்களை மடக்கியிருக்கிறான். 1986ஆம் ஆண்டு ஒக்டோபரில், டோர்ட்மண்ட் நகரத்தில், அவன் மடக்க வேண்டியிருந்தது சொந்த மனைவியை. விற்க வேண்டிய சரக்கு, வாசலுக்கு வெளியே இருக்கிற வானம்.

சுந்தரேஸ்வரி ஜூலையில் வந்து சேர்ந்தாள். கொழும்பிலிருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலிருந்து கிழக்கு பெர்லின், அங்கிருந்து ரயிலில் ஒரு பாலத்தைக் கடந்து மேற்கு பெர்லின், பிறகு முகம் தெரியாத யாரோ ஒருவரின் கார். இரண்டு வருஷம் கணவனைப் பிரிந்திருந்தவள், வந்த மறுநாளே அந்த அகதி வீட்டின் மூன்றாம் மாடிச் சமையலறையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து அறை லோறன்ஸின் பகிடிகளுக்குச் சிரித்தாள். கோதுமை மாவில் பிட்டு அவித்தாள். எல்லாம் செய்தாள். வெளியேதான் போகமாட்டாள்.

கூரைக்குக் கீழே இருக்கும்வரை அவள் பழைய சுந்தரி. வாசற்படியைத் தாண்டினால் கழுத்துத் தோளுக்குள் போய்விடும். மழைக்கு ஒதுங்குகிறவள்போலச் சுவரை உரசிக்கொண்டு நடப்பாள். எங்காவது விமான இரைச்சல் கேட்டால், திறந்திருக்கிற முதல் கதவுக்குள் போய்விடுவாள். அது யாருடைய கதவு என்று பார்ப்பதில்லை.

ஊரில் ஏதோ நடந்திருக்கிறது என்பது சிவகுருநாதனுக்குத் தெரியும். மார்ச் மாதம் ஒரு பகலில் ஹெலி தாழப் பறந்து சுட்டது, சுந்தரி அப்போது வீதியில் நின்றாள், காயம் ஒன்றுமில்லை என்று மைத்துனன் நான்கு வரி எழுதியிருந்தான். அவ்வளவுதான். முன்பின் தெரியாத வாடிக்கையாளரிடமே பேரன், பூட்டன்வரை விசாரிக்கிற சிவகுருநாதன் இதை மட்டும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்தான்.

ஓகஸ்டில் அவளுக்கு முதலாவது டெர்மின் வந்தது. இந்த நாட்டில் டெர்மின் என்றால் சாமி தேர் ஏறுகிற நேரம்போல, தவறினால் தவறியதுதான். ஏன் நாட்டை விட்டு வந்தாய் என்று அகதி அலுவலகத்தில் அவளே போய், தனி அறையில் இருந்து, தன் வாயால் சொல்ல வேண்டும். புருஷன் கூடப் போகலாம். கதவுக்கு வெளியே நிற்கலாம். பதில் சொல்ல ஏலாது.

அன்றைக்கு ட்ராம் தரிப்புக்கு இருபது பாகத் தூரம் இருக்கும்போது ஒரு சின்ன விமானம் வந்தது. சுந்தரி ஓடிப்போய் ஒரு இறைச்சிக் கடைக்குள் புகுந்து, கல்லாவுக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். கடைக்காரன் பெண்சாதி நல்லவள். கூச்சல் போடவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுப்பதுபோல ஒரு துண்டு சொசேஜ் வெட்டி அவள் கையில் வைத்தாள். பிறவியிலிருந்து மச்சம் தொடாத சைவக்காரி, பன்றி இறைச்சித் துண்டைக் கையில் பிடித்தபடி முக்கால் மணித்தியாலம் அங்கேயே இருந்தாள். அலுவலகத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

இரண்டாவது கடிதத்தை லோறன்ஸ்தான் வாசித்துச் சொன்னான். பாசையூர்க்காரன், வந்து மூன்று வருஷத்தில் ஜேர்மன் மொழியை மீன் சந்தையில் பிடித்ததுபோலப் பிடித்து வைத்திருந்தான், செதிளோடு.

“ஒக்டோபர் இருபத்தொண்டு, செவ்வாய்க்கிழமை, காலமை பத்து மணி. இதுக்கும் வரேல்லை எண்டால் அன்ட்ராக்கை மூடிப்போடுவினமாம், அண்ணை.”

“மூடினால்?”

“விண்ணப்பம் செத்துப்போச்செண்டு அர்த்தம். பிறகு அக்காவைத் திருப்பி அனுப்பலாம்.”

சுந்தரி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

“நீங்கள் எனக்குப் பதிலாப் போய்ச் சொல்லுங்கோவன்,” என்றாள். “நீங்கள்தானே நல்லாக் கதைப்பியள்.”

பேரம் அன்றைக்கே தொடங்கியது. அவன் ட்ராம் தரிப்பு என்று கேட்டான். அவள் வாசற்படி என்றாள். தெருமுனை என்று இறங்கினான். கடிதப் பெட்டி என்று ஏறினாள். கடிதப் பெட்டி வாசலிலிருந்து ஆறு அடி. அதில் முடிந்தது. மூன்று நாள் கடிதப் பெட்டிவரை போய்வந்தார்கள், கடிதம் வராத நாளிலும். நாலாம் நாள் விமானப் படையின் ஜெட் ஒன்று எங்கோ தூரத்தில் இடி இடித்துவிட்டுப் போனது. பேரம் திரும்ப வாசற்படிக்கு வந்தது.

இந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை காலை வானத்தில் பலூன் நின்றது.

சின்னப் பலூன் இல்லை. ஒரு லொறியை விழுங்கிய மீன்போல, வெள்ளி நிறத்தில், பின்னால் மூன்று செட்டைகளோடு, ஒரு கம்பிக் கயிற்றின் நுனியில் இரண்டு தெரு தள்ளி மிதந்தது. அதன் வயிற்றில் சிவப்பு எழுத்துகள். சிவகுருநாதன் பாண் வாங்கிக்கொண்டு வரும்போது, வீட்டு வாசலில் கீழ்மாடி பிறவ் கொவால்ஸ்கி அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அறுபதைத் தாண்டிய வயது, தடித்த கால்கள், யாருக்கும் முதலில் வணக்கம் சொல்லாத மனிசி. அன்று அவளாகவே லோறன்ஸைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் அவள் கண் பலூனை விட்டு வரவில்லை.

“என்னவாம்?”

“இனிச் சண்டை ஒண்டுதான் குறையுதாம்,” என்றான் லோறன்ஸ். “இவ இளவயசிலை உப்பிடி ஒரு பலூனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவவாம்.”

மொழிபெயர்ப்பு வாசலிலேயே அரை மணித்தியாலம் நடந்தது. நாற்பத்து நாலாம் ஆண்டு, உலகப் போர். டோர்ட்மண்டுக்குக் கிட்ட இருக்கிற மோனே அணைக்கட்டை ஒருமுறை இங்கிலிஷ்காரன் குண்டு போட்டு உடைத்த பிறகு, அதைத் திரும்பக் கட்டி, சுற்றிவர இப்படியான பலூன்களைக் கட்டிவிட்டார்கள். ஆண்கள் எல்லோரும் போர்முனைக்குப் போய்விட்டதால் பெண்பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். அப்போது பத்தொன்பது வயதுக் கெர்ட்ரூட்டாக இருந்த பிறவ் கொவால்ஸ்கி ஒரு பலூனின் கயிற்றைச் சுற்றுகிற எந்திரத்தோடு நின்றாள். விமானத்தைச் சுடுவதற்கு இல்லை அந்தப் பலூன். அது சும்மா நிற்கும். அதன் கம்பி இருட்டிலும் முகிலிலும் கண்ணுக்குத் தெரியாது. சிறகு பட்டால் அறுத்துவிடும். அதனால் விமானக்காரன் தாழ வரமாட்டான். உயரத்தில் நின்றால் குறி பிசகும்.

“தாழ வர ஏலாதோ?” என்று கேட்டான் சிவகுருநாதன்.

“அதுதான் அதின்ரை ஒரே வேலையாம்.”

பிறவ் கொவால்ஸ்கி தன் வலது உள்ளங்கையைக் காட்டினாள். குறுக்கே, ஆயுள் ரேகையை வெட்டிக்கொண்டு, வெள்ளையாக ஒரு தழும்பு. பலூன் கம்பி இழுத்துக் கிழித்தது. பலூனுக்கு பெர்த்தா என்று பெயர் வைத்திருந்தார்களாம். மழை குடித்தால் பெர்த்தா கனக்குமாம். காற்றடித்தால் எருமைபோல இழுக்குமாம்.

சிவகுருநாதனுக்கு மிச்சம் காதில் ஏறவில்லை. தாழ வர ஏலாது. பெரியகடையில் இப்படியொரு சொல் கிடைத்திருந்தால் அதை வைத்து ஒரு கட்டுச் சீலையையே தள்ளியிருப்பான். பாணை லோறன்ஸிடம் கொடுத்துவிட்டு மாடிப்படிகளை இரண்டிரண்டாக ஏறினான்.

“சுந்தரி, இஞ்சை வாரும். ஜன்னலாலை பாரும்.”

அவள் வந்து பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் தலை நிமிர்ந்ததை அவன் பார்த்தான். கழுத்து இவ்வளவு நீளமானது என்பதை மறந்துபோயிருந்தான்.

“உதென்ன?”

“காவல். இந்த நாட்டிலை நகரத்துக்கு மேலை உதைக் கட்டிவிடுவினம். உதின்ரை கம்பி சிறகை வெட்டும். ஹெலி, பொம்மர் ஒண்டும் தாழ வர ஏலாது. கீழ்வீட்டு மனிசி முந்தி உதிலைதான் வேலை செய்தவ. வேணுமெண்டால் கையைப் போய்ப் பாரும், தழும்பு கிடக்கு.”

நல்ல பொய்யின் இலட்சணம் அது. முக்கால்வாசி உண்மை, அந்த உண்மைக்குச் சாட்சியும் கீழ்மாடியில் இருக்கிறது.

சுந்தரி லேசில் வாங்கிவிடுகிற ஆள் இல்லை. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவள்.

“எழுத்து என்ன எழுதியிருக்கு?”

பலூனின் வயிற்றில் MÖBEL என்று இருந்தது. தளபாடம் என்று அர்த்தம்; கீழே வாசலில் லோறன்ஸ் வாசித்துச் சொல்லியிருந்தான். கடைக்கு இருபத்தைந்து வருஷம் நிறைந்ததற்கு மலிவு விற்பனை.

“அது காவல் பகுதியின்ரை பேர்,” என்றான் சிவகுருநாதன். “மோபல் பகுதி.”

பாணோடு மேலே வந்து அறை வாசலில் நின்ற லோறன்ஸ் இருமினான். அவள் சமையலறைக்குப் போனதும், “அண்ணை, கட்டில் மேசை விக்கிறவனை விமானப்படை ஆக்கிப்போட்டியள்,” என்றான். “நாளைக்கு அலுமாரியைக் காட்டிப் பீரங்கி எண்டு சொல்லப்போறியளோ?”

“நீ வாயைப் பொத்து. இருபத்தோராம் திகதி வரைக்கும்.”

சுந்தரிக்கு இன்னொரு கேள்வி இருந்தது. அடுப்படியிலிருந்து கேட்டாள். “எவ்வளவு தூரத்துக்குக் காக்கும்?”

இங்கேதான் அவன் பிழைவிட்டான். பெரியகடையில் நீளம் கேட்டால் அளந்துதான் சொல்ல வேண்டும். இவன் அளக்காமல் சொன்னான்.

“கண்ணுக்குத் தெரியிற தூரம் மட்டும்.”

அதுதான் ஒப்பந்தமாயிற்று. பலூன் தெரிகிற இடம்வரை அவள் வருவாள். அதைத் தாண்டி ஓரடி கூட வரமாட்டாள். தெரிகிறதா என்று அவளேதான் பார்ப்பாள்; அவன் சொல்வதைக் கணக்கில் எடுக்கமாட்டாள்.

அன்று பின்னேரமே தெருமுனை. மறுநாள் ட்ராம் தரிப்பு. மூன்றாம் நாள் அந்த இறைச்சிக் கடை வாசலில் அவளாகவே நின்று, உள்ளே இருந்த கடைக்காரன் பெண்சாதிக்குத் தலையை ஆட்டினாள். பத்து அடிக்கு ஒருதரம் நின்று, அண்ணாந்து, பலூனைத் தேடிப் பிடித்து, பிறகு நடப்பாள். வெள்ளி மீன் கூரைகளுக்குப் பின்னால் மறைந்தால், பின்னால் இரண்டு அடி வைத்து அது திரும்பத் தெரிகிற இடத்தில் நிற்பாள். தெருவில் போகிற ஜேர்மன்காரர்களும் அவள் பார்க்கிற பக்கம் பார்த்தார்கள். சிலருக்கு மலிவு விற்பனை ஞாபகம் வந்திருக்கும். தளபாடக் கடைக்காரன் அவளுக்கு ஒரு கதிரையாவது சும்மா கொடுத்திருக்கலாம்.

சிவகுருநாதன் தனியே போய் முழுவழியையும் நடந்து பார்த்தான். அகதி அலுவலகத்துக்கு ட்ராமில் ஏழு தரிப்பு, இறங்கி ஒரு திறந்த வெளியைக் கடந்து பத்து நிமிஷ நடை. ரயில் பாலத்துக்குக் கீழே மட்டும் பலூன் மறையும். அங்கே தலைக்கு மேல் கொங்கிறீட் இருக்கிறது, பரவாயில்லை. அலுவலகத்தின் மூன்றாம் மாடி நடைக்கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால், தூரத்தில், ஒரு கடுகளவுக்குத் தெரிந்தது. தெரிந்ததே போதும். அவன் அந்த ஜன்னலடியில் நின்று, பெருநாளுக்கு முதல்நாள் கடை முழுக்க விற்றுத் தீர்ந்தவன்போலக் கைகளைத் தேய்த்துக்கொண்டான்.

இரண்டாம் கிழமை வியாழக்கிழமை லோறன்ஸ் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தான். பகிடி விடுகிற முகம் இல்லை.

“அண்ணை, விற்பனை சனிக்கிழமையோடை முடியுது. பலூன் திங்கள் காலமை இறங்குதாம்.”

டெர்மின் செவ்வாய்.

வெள்ளிக்கிழமை சிவகுருநாதன் லோறன்ஸையும் இழுத்துக்கொண்டு தளபாடக் கடைக்குப் போனான். முகாமையாளர் கழுத்துப் பட்டி கட்டிய மெல்லிய மனிதர். ஏதோ சோபா வாங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து கைகொடுத்தார். சிவகுருநாதன் ஒரு கிழமை என்று தொடங்கினான். பலூன் ஊருக்கு அழகு, கடைக்குப் புகழ், இறக்கினால் சனம் கடை பூட்டிவிட்டதென்று நினைக்கும் என்றான். லோறன்ஸ் முடிந்த மட்டும் மொழிபெயர்த்தான். முகாமையாளர் ஏலாது என்று தலையை ஆட்டினார். மூன்று நாள் என்று இறங்கினான். வாடகைப் பலூன், வேறு நகரத்தில் திங்கள் மாலைக்கு ஏற்ற வேண்டும், வானத்தில் நிறுத்துவதற்கு வாங்கிய அனுமதியும் முடிகிறது என்றார். செவ்வாய் மத்தியானம்வரை என்றான். கடைசி விலை அது. சொன்ன பிறகு அவனிடம் வேறு கட்டு இருக்கவில்லை.

“ஏன் இவருக்கு அந்தப் பலூன் வேணுமாம்?” என்று முகாமையாளர் கேட்டார்.

லோறன்ஸ் அவனைப் பார்த்தான். சிவகுருநாதன் சொல்லச் சொன்னான். லோறன்ஸ் சுந்தரியைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை முகாமையாளர் கேட்டார். கடைசியில் மேசையில் கிடந்த பேனாவை நேராக வைத்துவிட்டு, லொறிக்காரனை எட்டு மணிக்குப் பதிலாகப் பத்து மணிக்கு வரச் சொல்கிறேன், அதற்கு மேல் என்னால் ஏலாது என்றார். திங்கள் பத்து மணி. அதை வைத்து என்ன செய்வது. சிவகுருநாதன் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சுந்தரி தலைமுழுகி, ஜன்னலடியில் முடி காயவிட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பலூன் நன்றாகத் தெரியும். சிவகுருநாதன் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான். எப்படித் தொடங்குவது என்று யோசித்தான். அவன் வாழ்க்கையில் விலையைக் குறைத்திருக்கிறான், கூட்டியிருக்கிறான். விற்ற சாமானைத் தானாகப் போய்த் திருப்பிக் கேட்டதில்லை.

“அது காவல் பலூன் இல்லை, சுந்தரி,” என்றான். “கதிரை மேசை விக்கிற கடையின்ரை விளம்பரம். நாளைக்கு இறக்கிறாங்கள்.”

அவள் முடியைக் கோதிய விரல்கள் நின்றன.

“கீழ் மனிசியின்ரை கதை?”

“அது மெய். சண்டைக் காலத்திலை. அவ பிடிச்சது வேறை. இது வேறை.”

“அப்ப இந்த ரெண்டு கிழமையும் எனக்கு மேலை ஒண்டும் இல்லை.”

“ஒண்டும் இல்லை.”

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தான். போட்டிருந்தால் தேவலை, சத்தத்துக்கு மறுமொழி சொல்லிப் பழகியவன் அவன்.

“ஊரிலை ஒருத்தரும் பயப்பிட ஒண்டுமில்லை எண்டு எனக்குப் பொய் சொல்லேல்லை,” என்றாள் மெதுவாக. “அவை பங்கருக்குள்ளை வா எண்டு கூப்பிட்டவை. நீங்கள்தான் வெளியிலை வா எண்டு கூப்பிட்டு, மேலை ஆள் நிக்குதெண்டு சொன்னனீங்கள்.”

எழும்பிப் போய்க் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மத்தியானம் சமைக்கவில்லை. லோறன்ஸ் மூன்று பேருக்கும் முட்டை பொரித்து, சைவக்காரியின் சாப்பாட்டுக் கோப்பையில் முட்டையை வைத்த பிறகு ஞாபகம் வந்து அதை எடுத்து, வெறும் பாணை வைத்தான். அதுவும் அப்படியே கிடந்தது.

திங்கள் பத்து மணிக்கு லொறி வந்தது. எந்திரம் சுற்றுகிற சத்தம் இரண்டு தெருவுக்கும் கேட்டது. சுந்தரி எழும்பி ஜன்னலுக்கு வந்து பார்த்தாள். பலூன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கூரைகளுக்குப் பின்னால் முதலில் எழுத்துகள் மறைந்து, பிறகு செட்டைகள் மறைந்து, பிறகு வானம் மட்டும் மிஞ்சியது. அவள் சால்வையைப் போர்த்துக்கொண்டு, “லோறன்ஸ் தம்பி, என்னோடை கீழை வாரும்,” என்றாள். கணவனைக் கூப்பிடவில்லை. அவன் படிக்கட்டில் இரண்டு படி தள்ளிப் பின்னால் போய், கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டான்.

பிறவ் கொவால்ஸ்கி கதவைத் திறந்தாள். ஒரு கையில் கத்தியும் பாதி உரித்த உருளைக்கிழங்கும்.

“இவவைக் கேளும்,” என்றாள் சுந்தரி. “உங்கடை பலூன் கீழை இறக்கின நாளிலை நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

லோறன்ஸ் கேட்டான். மனிசி உருளைக்கிழங்கைப் பார்த்தாள், சுந்தரியைப் பார்த்தாள்.

“காத்தும் இடியும் எண்டால் இறக்கித்தான் ஆகவேணுமாம். அப்ப மேலை ஒண்டும் இராது. பயந்தவையாம்,” என்று லோறன்ஸ் துண்டுதுண்டாகச் சொன்னான். “பயந்துகொண்டே சாப்பிட்டவை, உடுப்புத் தோய்ச்சவை, ஒராள் காதல் கடிதமும் எழுதினவவாம்... அக்கா, இன்னொண்டும் சொல்லுறா. பலூன் மேலை நிண்ட நாளிலையும் தங்களுக்குக் காவல் இல்லையாம். அது அணைக்கட்டுக்குத்தான் காவலாம். கயித்தைப் பிடிச்சவை அணைக்குப் பக்கத்திலை, வெட்ட வெளியிலை நிக்கவேணும். ஆனால் மற்றச் சனம் எல்லாம் தலையைக் குனிஞ்சு ஓடேக்கை, தங்களுக்கு அண்ணாந்து பாக்கிறதுதான் வேலையாம். கயிறு இழுக்குதோ, முகில் வருதோ, விமானம் எந்தப் பக்கம் எண்டு. பாத்துப் பாத்துப் பழகிப்போச்சுதாம். பயம் போகேல்லையாம். கழுத்து நிமிர்ந்திட்டுதாம்.”

சுந்தரி அவள் வலது உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பி, தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். சொன்னதில் இது ஒன்றாவது மெய்தானா என்று சோதிப்பதுபோல இருந்தது. பிறகு அவள் மற்றக் கையிலிருந்த கத்தியையும் கிழங்கையும் வாங்கி, மிச்சத் தோலை உரித்துக் கொடுத்துவிட்டு, மாடி ஏறினாள். படியில் நின்ற கணவனைத் தாண்டும்போது அவள் நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவன் விடியவே எழும்பி, எங்கிருந்து தொடங்குவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ட்ராம் தரிப்பு என்று கேட்பதா, முழுவழியையும் கேட்பதா. வாசலில் சுந்தரி சேலைக்கு மேல் குளிர்ச் சட்டை போட்டு, கடிதத்தைக் கைப்பையில் வைத்து, சப்பாத்தும் கட்டிக்கொண்டு நின்றாள்.

“நான் வாறன்,” என்றாள். “அலுவலகம் மட்டும். ஆனால் வழியிலை நீங்கள் ஒண்டும் கதைக்கக்கூடாது. அது தெரியுது, இது காக்குது, இன்னும் ரெண்டு அடி எண்டு ஒண்டும் சொல்லக்கூடாது.”

“ஒண்டுமோ?”

“ஒண்டும். இதிலை குறைச்சல் கூட்டல் இல்லை.”

பதினாறு வருஷம் வியாபாரம் செய்தவன், மற்றவர் சொன்ன விலைக்கு அப்படியே தலையாட்டியது அன்றைக்குத்தான்.

அவள் சுவரை உரசவில்லை. நடைபாதையின் நடுவில், மெதுவாக, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பவள்போலக் காலடியைப் பார்த்து நடந்தாள். பழகிய இடங்களில் நின்று அண்ணாந்தாள். ஒன்றும் இல்லாத வானத்தைப் பார்த்தாள். திரும்ப நடந்தாள். ட்ராமில் ஏழு தரிப்பும் அவள் கை கைப்பையின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தது.

அந்தத் திறந்த வெளியில் பாதித் தூரம் போனபோது ஹெலி வந்தது. ஆஸ்பத்திரிக்கு நோயாளி கொண்டுபோகிற மஞ்சள் நிறத்து ஹெலி. சத்தம் முதலில் வந்தது, பிறகு காற்று. ஒதுங்குவதற்கு ஒரு கதவோ சுவரோ கிடையாது. சுந்தரி நின்றுவிட்டாள். அவள் விரல்கள் அவன் முழங்கைக்கு மேலே சட்டையைத் தாண்டித் தசையைப் பிடித்தன, நகம் இறங்கியது. அவன் வாயில் பத்து வார்த்தைகள் வந்து நின்றன. நோயாளி வண்டி, சுந்தரி. மஞ்சள் நிறம், பாரும். தாழ வராது. எல்லாவற்றையும் விழுங்கினான். விழுங்கும்போது கண்ணில் நீர் முட்டியது. குளிர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவள் தலை மெல்ல மேலே போனது. ஹெலி தலைக்கு நேரே வந்து, கடந்து, மரங்களுக்கு அப்பால் சிறுத்துப் போகும்வரை பார்த்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. பிறகு அவன் கையை விட்டு, “நேரம் என்ன?” என்று கேட்டாள்.

கதைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தபடியால் அவன் மணிக்கூட்டைக் காட்டினான். பத்துக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது.

மூன்றாம் மாடியில் பெயரைக் கூப்பிட்டார்கள். பான் நகரத்திலிருந்து மொழிபெயர்க்க வந்திருந்த இந்தியப் பெண் கதவைத் திறந்து, “மிஸஸ் சிவகுருநாதன், ப்ளீஸ் உள்ள வாங்க,” என்றாள். சுந்தரி உள்ளே போனாள். கதவு மூடியது.

இரண்டே கால் மணித்தியாலம். சிவகுருநாதன் இருந்தான், எழும்பினான், சுவரில் ஒட்டியிருந்த ஜேர்மன் அறிவித்தல் முழுவதையும் ஒரு சொல்லும் விளங்காமல் மூன்றுதரம் வாசித்தான். கதவுக்குப் பின்னால் தட்டச்சு எந்திரம் அடித்து, நின்று, வெகுநேரம் நின்று, திரும்ப அடித்தது.

சுந்தரி வெளியே வந்தபோது மூக்குச் சிவந்திருந்தது. கண் காய்ந்திருந்தது. முடிவு தபாலில் வருமாம், மாதக்கணக்காகலாமாம். வாங்கில் வந்து அவன் பக்கத்தில் இருந்தாள்.

“என்ன கேட்டவை?” என்றான். இப்போது கதைக்கலாமா என்று யோசித்துவிட்டுத்தான் கேட்டான்.

“எல்லாம். பிறகு ஹெலி எவ்வளவு உயரத்திலை வந்தது, எத்தினை மீற்றர் எண்டு அந்த அதிகாரி கேட்டவர். எனக்கு மீற்றர் தெரியுமோ? மொழிபெயர்க்கிற அந்தப் பிள்ளைக்கும் எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. நான் எழும்பி ஜன்னலுக்குப் போய், அவரை வரச் சொல்லிக் காட்டினன். அவர் கொஞ்ச நேரம் கீழை பாத்துக்கொண்டு நிண்டார். பிறகு வந்து டைப் அடிச்சார்.”

மார்ச் மாதத்திலிருந்து கேட்காமல் வைத்திருந்தது சிவகுருநாதனின் தொண்டைக்கு வந்தது.

“எனக்கும் காட்டும்,” என்றான்.

அவள் அவனைக் கொஞ்சநேரம் பார்த்தாள். எழும்பி நடைக்கூடத்து ஜன்னலுக்குப் போனாள். அவனும் போனான். கீழே முற்றத்தில் செம்மஞ்சள் சட்டை போட்ட ஒரு மனிதன் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

“அந்தாளின்ரை மீசை தெரியுதெல்லே?” என்றாள் சுந்தரி. “அவ்வளவு உயரந்தான். ஹெலியிலை இருந்து சுட்டவனுக்கு மீசை இல்லை. சின்னப் பெடியன். சுவிங்கம் சப்பினவன். எனக்குப் பக்கத்திலை பால் போத்தலோடை நிண்ட மனிசி விழுந்திட்டா. நான் ஓடேல்லை. நான் அவனைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அவனும் என்னைப் பாத்தவன். பிறகு ஹெலி திரும்பிப் போயிட்டுது. ஏன் என்னைச் சுடாமல் போனவன் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.”

சிவகுருநாதன் அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டான். பொது இடத்தில் அப்படிச் செய்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. அவள் தட்டிவிடவில்லை.

கீழே கூட்டிக்கொண்டிருந்தவனுக்குத் தன்னை யாரோ பார்ப்பது தெரிந்திருக்க வேண்டும். தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான். மேலே ஜன்னலில் ஒரு புருஷனும் பெண்சாதியும் தன்னையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு கையைத் தூக்கிக் காட்டினான்.

சுந்தரேஸ்வரி யோசித்தாள். பிறகு அவளும் கையைத் தூக்கினாள்.